பலகையில் எல்லாம் பச்சை

வாலு மூன்று மூன்று படியாகத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தாள். வலது கையில் அண்ணனின் போன். இடது கையில் அண்ணனின் சட்டை நுனி. சட்டைக்குள்ளே அண்ணன்.

மணி நான்கு பதினெட்டு.

புதுச் சட்டை கசங்குகிறது என்று அண்ணன் புகார் சொல்ல நினைத்தான். ஆனால் புகார் சொல்லக் கை வேண்டும். ஒரு கை மாடிப்படிக் கைப்பிடியில், இன்னொரு கை விழாமல் இருக்கச் சுவரில். அண்ணனுக்குக் காது கேட்காது. அவன் பேசுவதெல்லாம் கைகளால்தான்.

ஐந்து மணிக்கு அவனுக்கு இன்டர்வியூ. கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்றில் வரைபடம் வரையும் வேலை. போனில் முகம் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்கள். சைகை மொழி தெரிந்த ஓர் அக்கா அதே அழைப்பில் இருந்து, கேள்வியைக் கையால் இவனுக்குச் சொல்வார். இவன் பதிலை வாயால் அவர்களுக்குச் சொல்வார்.

போன வாரத்தில் இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் படம் உறைந்துபோனது. 'மூன்றாவதுதான் கடைசி' என்று கண்டிப்பாக எழுதிவிட்டார்கள்.

இன்றைக்கு நான்கு மணிக்கு ஒத்திகை பார்த்தார்கள். அதிலும் அதே கதை. அந்த அக்கா எழுத்தில் அனுப்பியிருந்தார்: "தம்பி, நீ கையைத் தூக்கினாய். அதற்கப்புறம் ஒரே சிலை."

மற்றவர்களுக்குப் படம் நின்றால் குரலாவது வரும். அண்ணனுக்குப் படம் நின்றால் வாயைப் பொத்தின மாதிரி.

வாலு வாசலைத் தாண்டித் தெருவில் குதித்தாள். எதிரே வெள்ளை வேன் நின்றது.

"அம்மா! கையெழுத்துப் போட்டுடாதே!"

வேனின் பின் இருக்கையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அம்மாவின் வேலையே இந்த வேன்தான். தெருத்தெருவாகப் போய், போன் நிறுவனம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். வேனுக்குள் ஒரு நீளப் பலகை. அதில் பெல்ட் போட்டு இறுக்கிய மூன்று போன்கள். ஒன்றின் மேல் 'மலிவு' என்று ஒட்டியிருக்கும். இன்னொன்றில் 'நடுத்தரம்'. மூன்றாவதில் 'உயர்தரம்'. யார் எந்தத் திட்டத்தில் இருந்தாலும், கூட்ட நேரத்திலும் படம் தெளிவாகத் தெரிய வேண்டும். அதுதான் நிறுவனம் கொடுத்த வாக்கு. தெரிந்தால் கணினியில் பச்சைக் கோடு ஓடும். தெரியாவிட்டால் சிவப்பு.

இந்தத் தெருவில் புதிதாக ஒரு டவர் நட்டிருந்தார்கள். எதிர் மாடியில் இருந்த பழைய டவரை ஒரு வாரமாகத் தூங்க வைத்திருந்தார்கள். புது டவர் தனியாகச் சமாளிக்கிறது என்று அம்மா இன்று ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டால் பழையதைக் கழற்றிவிடுவார்கள். கழற்றுகிறவர்கள் இரண்டு பேர் இப்போதே மொட்டைமாடியில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஸ்பேனரும் கையுமாகக் காத்திருந்தார்கள்.

"மறுபடியும் நின்னுபோச்சும்மா! இது டவர் கோளாறுதான்!" வாலுவுக்கு மூச்சு வாங்கியது.

அம்மா கணினியைத் திருப்பிக் காட்டினாள். மூன்று கோடு. மூன்றும் வெண்டைக்காய்ப் பச்சை.

"ஒரு வாரமா இப்படித்தான் ஓடுது. நீயே பார். வீட்டுக்குள்ள சுவர் மறைக்குது, அவ்வளவுதான்."

"அதான் இவனையே கீழே இழுத்துட்டு வந்திருக்கேன். இங்கே சுவர் இருக்கா?"

முன் இருக்கையில் இருந்த ஓட்டுநர் மாமா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "நியாயமான கேள்வி மேடம்."

அண்ணன் வேனை ஒட்டி நின்று அந்த அக்காவை அழைத்தான். முகம் வந்தது. கை அசைந்தது. அப்புறம் திரை நடுவே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

பலகைக்கும் அந்தப் போனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. பலகையில் பச்சை. இங்கே வட்டம்.

அம்மாவின் நெற்றி சுருங்கியது. "அப்போ போன்தான் பழசு. திரையைப் பாரேன், கீறல் விழுந்து கிடக்கு."

அண்ணன் கையால் படபடவென்று சொன்னான்: "போன வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் இதே போன்தான். நல்லாத்தானே பேசினேன்!"

"எனக்குப் புரியுதுடா," அம்மாவும் கையாலேயே சொன்னாள். "ஆனா நீ என் பிள்ளைங்கிறதுக்காக நான் பச்சையைச் சிவப்புன்னு எழுத முடியாது. எனக்குக் காரணம் வேணும்."

மணி நான்கு இருபத்தொன்பது.

வேறு ஊர்ப்பக்கம் ஓடிவிடலாமா என்றால் சாலை முழுக்க வண்டிகள் இடித்துக்கொண்டு நின்றன. வீட்டுக்கு வரும் இணைய ஒயரைச் சாலை தோண்டியவர்கள் அறுத்துப் பத்து நாளாகிறது. வேறு நிறுவனத்து டவரும் இந்தப் பக்கம் கிடையாது.

வாலு பலகையைப் பார்த்தாள். அண்ணனின் போனைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"அம்மா, சிம்மை மாத்திப் போட்டுப் பார்க்கலாமா?"

"என்னது?"

"மலிவு போன்ல இருக்கிற சிம்மை எடுத்து அண்ணன் போன்ல போடு. அண்ணன் சிம்மை மலிவு போன்ல போடு. ரெண்டுமே மலிவுத் திட்டம்தானே? அண்ணன் போன் பழசா இருந்தா, உன் சிம் போட்டாலும் அது நிக்கும். உன் போன் நல்லதா இருந்தா, அண்ணன் சிம் போட்டாலும் அது ஓடும்."

"பலகையில இருக்கிற போனைத் திறக்கக் கூடாது, வாலு. அது விதி."

ஓட்டுநர் மாமா ஒரு துணியை எடுத்துக்கொண்டு இறங்கினார். "நான் முன் கண்ணாடியைத் துடைக்கிறேன் மேடம். பின்னாடி என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அம்மா இரண்டு விநாடி யோசித்தாள். பிறகு கையை நீட்டினாள். "சிம்மைத் திறக்கிற ஊசி ஆபீஸ்ல இருக்கு. கம்மலைக் கழற்று."

வாலு காதிலிருந்து கம்மலைப் பிடுங்காத குறையாகக் கழற்றினாள். அம்மா அதன் காம்பால் ஓட்டையில் குத்தினாள். சின்னத் தட்டு வெளியே வந்தது. நகத்தளவு சிம் ஒன்று இந்தப் பக்கம் போனது. நகத்தளவு சிம் ஒன்று அந்தப் பக்கம் போனது.

சோதனை தொடங்கியது.

பலகையில் இருந்த புத்தம்புதுப் போனில் கோடு நடுங்கியது. மஞ்சளானது. சிவப்பாகிப் படுத்துவிட்டது.

கீறல் விழுந்த பழைய போனில் அந்த அக்காவின் முகம் கண்ணாடியில் பார்ப்பது போலத் தெளிவாக வந்தது. அக்கா கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். அண்ணன் வெட்கத்தோடு குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டான்.

"என்னவாம்?" ஓட்டுநர் மாமா கண்ணாடியைத் துடைப்பதை மறந்து எட்டிப் பார்த்தார்.

"பொத்தான் ஒண்ணு தப்பா மாட்டியிருக்கானாம். அவ்வளவு தெளிவாத் தெரியுதாம்!" வாலு குதித்தாள். "சுவரும் இல்லே, போனும் இல்லே. சிம்தான்மா! உன் சிம்முக்கு மட்டும் யாரோ வழி விடறாங்க!"

"ஆம்புலன்ஸுக்கு வண்டியெல்லாம் ஒதுங்குற மாதிரி," என்றார் மாமா.

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கணினியில் ஓடிய சிவப்புக் கோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மணி நான்கு முப்பத்தெட்டு.

வாலுவின் தலைக்குள் ஒரு யோசனை மெதுவாக எட்டிப் பார்த்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டா? அந்த சிம் அண்ணன் போன்லயே இருக்கட்டும். ஒரே ஒரு மணி நேரம். இன்டர்வியூ முடிஞ்சதும் எடுத்துடலாம்."

அம்மா அண்ணனின் போனைப் பார்த்தாள். அண்ணன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு குரல் தெருவையே அதிர வைத்தது.

"ஹலோ! ஹலோ! டாக்டர் என்ன சொன்னாரு? ஹலோ, கேக்குதா?"

இரண்டாம் மாடி அத்தை. ஜன்னல் கம்பிக்கு வெளியே முழங்கை வரை கையை நீட்டி, போனைக் காற்றில் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். ஒரு வாரமாகத் தினமும் இதே காட்சி. துணி காயப்போடுவது போலப் போனைக் காயப்போடுகிறார் என்று வாலுவே கிண்டல் செய்திருக்கிறாள். இன்று சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் தன் தங்கைக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எதிர் மொட்டைமாடியில் ஒருவர் ஸ்பேனரைக் கையில் தட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

வாலு உதட்டைக் கடித்தாள்.

"வேண்டாம்மா. மாத்திடு. அண்ணன் சிம் அண்ணன்கிட்டயே இருக்கட்டும். உன் சிம் அண்ணன் போன்ல இருந்தா, பலகையோட ஒப்பிட்டு அஞ்சு மணிக்கு உங்க ஆபீஸ் சார்கிட்ட காட்ட நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது. டவரைக் கழற்றிடுவாங்க."

அண்ணன் தானே போனை அம்மாவிடம் நீட்டினான்.

அம்மா அவன் கன்னத்தைத் தொட்டாள். சிம்களை மாற்றினாள். உடனே பலகையின் நடுத்தரப் போனிலிருந்து தலைமை அலுவலக அதிகாரியை ஸ்பீக்கரில் அழைத்தாள்.

"சார், நான் கையெழுத்துப் போடலை. சோதனை சிம்களுக்குத் தனிச் சலுகை போகுது. உண்மையான ஆட்களுக்குச் சேவை போகலை."

"என்ன மேடம் கடைசி நேரத்துல?" அந்தக் குரல் கரகரவென்று வந்தது. "எத்தனை சிம் பார்த்தீங்க?"

"ஒண்ணு."

"யாருடையது?"

"என் பையனுடையது."

மறுமுனையில் பெருமூச்சு. "மேடம், நான் மேலே என்ன சொல்லுவேன்? சொந்த வீட்டுச் சிம் ஒண்ணை வச்சு ஒரு வாரத்துப் பச்சையைத் தூக்கிப் போடச் சொல்றீங்களா? அஞ்சு மணிக்குள்ள வேற ஏதாவது காட்டுங்க. இல்லைன்னா இருக்கிறதை வச்சு நானே கையெழுத்துப் போட்டுடுவேன்."

இணைப்பு அறுந்தது.

மணி நான்கு நாற்பத்து நான்கு.

"எத்தனை போன் வேணும்மா?" என்றாள் வாலு.

"குறைஞ்சது மூணு வேணும். வேற வேற திட்டத்துல."

அம்மா சொல்லி முடிப்பதற்குள் வாலு வாசலுக்குப் பாய்ந்துவிட்டாள்.

முதலில் வாசல் காவலாளி. "தாத்தா, உங்க போன் வேணும், பத்து நிமிஷம்!"

"அது எங்கிட்டே இருந்தும் ஒண்ணுதான், உங்கிட்டே இருந்தும் ஒண்ணுதான். ஒரு வாரமா ஊமையாக் கிடக்கு. எடுத்துக்கோ தாயி."

அடுத்தது இரண்டாம் மாடி. "அத்தை, போனை உள்ளே இழுங்க! கீழே வந்தா சரி பண்ணலாம்!"

"நிஜமாவா? இரு இரு, கை கம்பியில மாட்டிக்கிச்சு. மெதுவா இழு. ஐயோ, என் வளையல்!"

மூன்றாம் மாடியில் பல் டாக்டர் கதவைப் பாதி திறந்தார். "என் போனுக்கு என்னம்மா? இருக்கிறதுலயே ஒசந்த திட்டம் என்னோடது. அதெல்லாம் பிரமாதமா ஓடும்." சொல்லிக்கொண்டே திரையைத் தட்டினார். வட்டம் சுற்றியது. அவர் முகம் பல் வலி வந்தவர் மாதிரி ஆயிற்று. "இரு, செருப்பைப் போட்டுட்டு நானும் வர்றேன்."

நான்கு ஐம்பதுக்கு வேனின் முன்பக்க பானெட் மேல் நான்கு போன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. காவலாளியுடையது, அத்தையுடையது, டாக்டருடையது, கடைசியில் அண்ணனுடையது. சுற்றிலும் சொந்தக்காரர்கள், ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்பவர்களைப் போல.

அம்மா ஒயரைச் செருகினாள். கணினியில் இருந்து சோதனைச் செயலியை ஒவ்வொரு போனுக்குள்ளும் ஏற்றினாள். முதல் போன் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் "கடவுச்சொல் என்ன?" என்று கேட்டாள்.

டாக்டர் நெளிந்தார். "எல்லார் முன்னாடியுமா?"

"டாக்டர்!" என்று கத்தினார் அத்தை. "உங்க பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க!"

அவர் குனிந்து தானே அடித்தார்.

நான்கு ஐம்பத்து மூன்று. அம்மா அதிகாரியை மறுபடி அழைத்தாள். "சார், உங்க திரையைப் பாருங்க. பலகைப் போன் மூணு, இந்தக் கட்டடத்து ஆட்களுடைய போன் நாலு. ஒரே இடம், ஒரே நேரம். இப்போ தொடங்குறேன்."

ஏழு கோடுகள் கிளம்பின.

எல்லாத் தலைகளும் கணினிப் பக்கம் குனிந்தன.

மூன்று கோடுகள் ஜம்மென்று பச்சையில் ஓடின. காவலாளியின் கோடு சிவப்பு. அத்தையின் கோடு சிவப்பு. அண்ணனின் கோடு சிவப்பு. டாக்டரின் கோடு மட்டும் கொஞ்ச தூரம் மஞ்சளில் தத்தளித்தது. அவர் கையை முஷ்டி பிடித்து "போ, போ!" என்று கிசுகிசுத்தார். அதுவும் சிவப்பில் விழுந்தது.

"விலை ஒசந்த திட்டம்," என்றார் அத்தை, யாரையும் பார்க்காமல்.

ஸ்பீக்கரில் அதிகாரியின் குரல் வந்தது. இப்போது அதில் கரகரப்பு இல்லை. "மேடம், உங்க மூணு மட்டும் எப்படி? யார் கொடுத்த சலுகை இது?"

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். "பழைய கோப்புல ஒரு கடிதம் இருக்கும் சார். ஒன்பது வருஷத்துக்கு முந்தினது. தேடி எடுத்து எனக்கும் அனுப்புங்க. ஆனா அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல பழைய டவரை எழுப்புங்க. இப்பவே."

"எழுப்ப மூணு நிமிஷமாவது ஆகும்."

"நமக்கு நாலு நிமிஷம் இருக்கு சார்!" என்று வாலு ஸ்பீக்கருக்குள் கத்தினாள்.

"யாரது?"

"என் பொண்ணு," என்றாள் அம்மா. "சோதனைப் பிரிவு."

எதிர் மொட்டைமாடியில் ஒருவரின் வயர்லெஸ் கரகரத்தது. அவர் காதில் வைத்துக் கேட்டார். தலையாட்டினார். ஸ்பேனரைப் பையில் போட்டார்.

வீடு இருக்கும் நான்காம் மாடிக்கு ஏற நேரமில்லை. அண்ணன் வேனின் பின் இருக்கையில் ஏறினான். ஓட்டுநர் மாமா பலகையை ஒரு பக்கம் தள்ளி, தன் சீப்பால் அவன் தலையை ஒரு வாரு வாரிவிட்டார். வாலு போனை இருக்கைக்கு முன்னால் நிமிர்த்தி, தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை முட்டுக்கொடுத்தாள்.

நான்கு ஐம்பத்து எட்டு. வட்டம்.

நான்கு ஐம்பத்து ஒன்பது. வட்டம்.

அண்ணனின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. வாலு தன் இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே திடீரென்று ஒரு போன் அலறியது. இரண்டாம் மாடி அத்தை பாய்ந்து எடுத்தார்.

"ஹலோ! ஹலோ! கேக்குதா... ஏன்டி இப்படிக் கத்துறே? நல்லாத்தான் கேக்குது! சொல்லு, டாக்டர் என்ன சொன்னாரு?"

வாலு திரும்பித் திரையைப் பார்த்தாள். வட்டம் இல்லை. கோட்டு போட்ட இரண்டு பேர். ஓரத்தில் அந்த அக்கா. அக்காவின் கை அழகாக மேலே எழுந்து, 'வணக்கம்' என்றது.

மணி ஐந்து.

வாலு சத்தமில்லாமல் இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கைகள் பேசின. கப்பலின் அடிப்பாகத்தை வரைந்தன, வளைவைக் காட்டின, எதையோ கணக்குப் போட்டன, நடுவில் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லின. கோட்டு போட்டவர்கள் சிரிப்பது தெரிந்தது. ஒரு தடவைகூட எதுவும் உறையவில்லை. ஓட்டுநர் மாமா வேனைச் சுற்றிச் சுற்றி வந்து, ஹாரன் அடித்தவர்களையெல்லாம் முறைத்தார்.

ஐந்து முப்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. அண்ணன் முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு இறங்கினான்.

"என்னடா ஆச்சு?" வாலுவின் கைகள் கேட்டன.

அவன் முதலில் சட்டையின் கசங்கலை நீவிவிட்டான். பிறகு மெதுவாக ஒவ்வொரு சைகையாகச் சொன்னான்: "திங்கட்கிழமை. காலை. ஒன்பது மணி. வேலையில். சேரணும்."

வாலு அவன் முதுகில் ஏறித் தொங்கிவிட்டாள். டாக்டர் கை தட்டினார். அத்தை, தங்கையிடம் "இரு, இங்கே ஒரு நல்ல சேதி" என்று போனிலேயே அறிவித்தார். காவலாளி எல்லாருக்கும் சேர்த்து ஒரு சல்யூட் வைத்தார்.

அம்மா மகனைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இந்த சிம்களை வச்சு நாம பார்த்த தெருவையெல்லாம் மறுபடியும் பார்க்கணும்."

"எல்லாத் தெருவையுமா?" மாமாவின் கையிலிருந்து துணி நழுவியது. "ஒன்பது வருஷத் தெருவா மேடம்?"

"ஒவ்வொண்ணா. சாதாரண ஆட்களோட சிம்மை வச்சு."

கணினியில் 'டிங்' என்று ஒரு சத்தம். அதிகாரி அந்தக் கடிதத்தை அனுப்பியிருந்தார்.

"யாரும்மா அந்த ஆள்?" வாலுவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அண்ணனை இவ்வளவு பாடு படுத்தினவன்! நான் பார்க்கலாமா?"

அம்மா கணினியை மெதுவாக அவள் பக்கம் திருப்பினாள்.

மஞ்சள் ஏறிய தாள். கையால் எழுதிய ஐந்தாறு வரிகள்.

'கூட்ட நேரத்தில் சோதனை அடிக்கடி பாதியில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தெருவின் முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் என் இரண்டு வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல். சீக்கிரம் திரும்பியாக வேண்டும். ஆகவே, சோதனை சிம்கள் மூன்றுக்கும் முன்னுரிமை தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு வாரத்துக்கு மட்டும்.'

வாலு அந்த வரிகளை இரண்டாவது தடவை படித்தாள். இரண்டு வயது. ஒன்பது வருஷம். அவள் விரல் விட்டு எண்ணத் தேவையில்லை. போன மாதம்தான் அவளுக்குப் பதினொன்று முடிந்திருந்தது.

கடிதத்தின் அடியில், மாதாமாதம் அவளுடைய மதிப்பெண் அட்டையில் விழுகிற அதே வட்ட வட்டமான கையெழுத்து இருந்தது.